ஊருணிக்குள் இறங்கிய ஜீப்

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் பாதிதான். மீதிப் பாதியில் வாத்தியார் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார், நானும் பஸ்ஸுக்குக் கிளீனராகப் போய்விட்டேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் உண்டாக்கியதைச் சொல்கிறேன், கேளுங்கள். ஓலைக் கொட்டகையில் ஆரம்பித்து ஓட்டுக் கட்டடமாக வளர்ந்த ஒரு ஒர்க்‌ஷாப். அதில் என் கையாலேயே பாடி கட்டி அனுப்பிய பதினோரு லாரி. செத்துப்போன பஸ் என்ஜினைப் பிரித்து மாட்டி ஓட வைத்த ஒரு மாவு மில். டூரிங் கொட்டகைக்காரர் ஒருவருக்கு லாரி என்ஜினில் கரண்டு எடுத்துக் கொடுத்த ஒரு ஏற்பாடு; அதைப் பார்க்க அறந்தாங்கியிலிருந்தெல்லாம் மெக்கானிக்குகள் வந்தார்கள். மூன்று தங்கைகளின் கல்யாணம். மாடி வைத்த வீடு. இதில் எதற்கும் யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. சில பேர் காலை வாரத்தான் பார்த்தார்கள். அவர்களை இங்கே எழுதி நான் பெரிய ஆளாக்கப் போவதில்லை.

இது எல்லாவற்றுக்கும் மேலே நான் வைத்திருப்பது என் ஜீப். சமஸ்தானம் போய், நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷம் அது. சண்டை முடிந்து மிலிட்டரி சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு ஜீப்பை எடுத்தேன். ஒன்றுக்கு என்ஜின் இல்லை. இன்னொன்றுக்கு என்ஜின் மட்டும்தான் இருந்தது. மாட்டு வண்டியில் ஏற்றி வந்தபோது கடைத்தெருவே சிரித்தது. எட்டு மாதம் கழித்து அதே கடைத்தெருவில் ஹார்ன் அடித்துக்கொண்டு போனேன். ஒருவரும் சிரிக்கவில்லை, வழி விட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் அப்போது தார் ரோடு என்பது ஊருக்கு ஊர் போகிற ஒரு கோடு. அந்தக் கோட்டை விட்டு இறங்கினால் மணல், சேறு, செம்பாறை. தீயணைப்பு நிலையத்தில் ஒரே ஒரு பெரிய வண்டி. ரோடு இருக்கும் வரை அது ராஜா. ரோடு முடிந்த இடத்தில் அதை நிறுத்திவிட்டு, பாவம், தீயணைப்புக்காரர்கள் வாளியோடு ஓடுவார்கள். ஓடிப் போய்ச் சேரும்போது அணைக்க ஒன்றும் இருக்காது. சாம்பலுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார்கள். நிலையத்தின் ஓரத்தில் இரண்டு சக்கரம் வைத்த ஒரு டிரெய்லர் பம்பு சும்மா நின்றது. அதை இழுத்துப் போக அவர்களிடம் சின்ன வண்டி இல்லை.

ஒருநாள் அந்த பம்பை நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஆபீசர் வெளியே வந்து, "என்ன பாக்குறீங்க?" என்றார்.

"இதுக்கு ஒரு கொக்கி செஞ்சா என் ஜீப்பு இழுக்கும்."

"நீங்க எதுக்கு இழுக்கணும்?"

"சும்மா நிக்கிறதப் பாத்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்குங்க."

உண்மையிலேயே அதுதான் காரணம். தருமம் செய்ய வேண்டும் என்றெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஓடக்கூடிய ஒரு சாமான் ஓடாமல் நின்றால் எனக்குத் தூக்கம் வராது. மறுநாளே பட்டறையில் கொக்கியை அடித்து மாட்டினேன். மேடு பள்ளத்தில் குதித்தாலும் கழலாத கொக்கி. அந்த மாதிரிக் கொக்கி அதற்குப் பிறகு வேறு ஊர்களிலும் வந்தது. முதலில் வந்தது என் பட்டறையில்.

பிறகு இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் பர்மா சண்டையில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர், சொந்தமாக ஒரு ஜீப் வைத்திருந்தார். ஊரில் அவருக்குப் பட்டாளத்தார் என்றுதான் பேர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை "மாப்ளே" என்பார். இன்னொருவர் திருமயம் பக்கத்தில் ஒரு நகரத்தார் வீட்டு டிரைவர். முதலாளி பினாங்கில் இருந்தார். அந்தப் பெரிய வீட்டில் அவருடைய தாயார் ஆச்சி ஒருவரும், ஒரு ஜீப்பும், இந்த டிரைவரும்தான். எப்போதும் சலவைச் சட்டை. சேற்றில் இறங்கினாலும் சட்டையில் ஒரு பொட்டுப் படாது. எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் ஏற்பாடு சுருக்கமானது. ரோடு இல்லாத இடத்தில் தீயென்றாலும் வெள்ளமென்றாலும் நிலையத்திலிருந்து சைக்கிளில் ஒரு ஆள் என் பட்டறைக்கு வருவார். நான் மற்ற இருவருக்கும் சொல்லி அனுப்புவேன். வெள்ளாற்று மணலைக் கடக்க வேண்டுமென்றால் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிடுவோம், பனையோலைப் பாயைச் சக்கரத்துக்கு முன்னால் விரிப்போம். தண்ணீரோ சேறோ இருந்தால் முதலில் ஒரு ஆள் கம்போடு நடந்து பார்த்துவிட்டு வர வேண்டும், அதற்குப் பிறகுதான் வண்டி இறங்க வேண்டும். அது பட்டாளத்தார் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை மீறியது மூன்று பேரில் ஒருவன்தான், அதுவும் ஒரே ஒரு தடவைதான். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வைகாசி. காலை பத்து மணி இருக்கும். சைக்கிள்காரர் மூச்சு வாங்க வந்து நின்றார். "அண்ணே, வெள்ளாத்துக்குத் தெக்க பொகையுது. பெரிய வண்டி போவாது. ஆபீசர் பம்பு வேணுங்கிறாரு."

மூன்று ஜீப்பும் கிளம்பின. என் ஜீப்பின் பின்னால் பம்பு, மற்ற இரண்டில் ஆபீசரும் அவருடைய ஆட்களும். ஆற்று மணலைத் தாண்டி அரை மணி நேரத்தில் போய்விட்டோம். நாற்பது, நாற்பத்தைந்து கூரை வீடுகள் உள்ள சின்ன ஊர். மேற்கு ஓரத்தில் மூன்று வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. மேல்காற்று பொறியை அப்படியே ஊருக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

தண்ணீர் எங்கே என்று பார்த்தால், ஊருணி ஒன்றுதான். அந்த ஊர்க் கிணறுகளெல்லாம் சவர்த் தண்ணீர், அதில் பருப்பு வேகாது. அந்தச் சவரும் அந்தக் கோடையில் வற்றிப்போயிருந்தது. ஆற்றில் ஊற்றுத் தோண்டினால் ஆள் உயரத்துக்கு வெறும் மணல். அதனால் மழை வரும்வரை மொத்த ஊரும் குடிக்க அந்த ஊருணிதான். நடுவில் ஒரு தாம்பாளம் போலத் தண்ணீர் ஒடுங்கிக் கிடந்தது. சுற்றிலும் காய்ந்து வெடித்த சேறு. படிக்கட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் ஓர் ஆள் நடக்கிற அளவுக்குக் கல் வரிசை போட்டிருந்தார்கள். பெண்கள் அதில் நடந்து போய்த்தான் மொள்ள வேண்டும். குடத்தைக்கூடக் கரைக்கு வெளியிலேயே கழுவிவிட வேண்டும். ஆடு மாடு இறங்கக் கூடாது, கை கால் கழுவக் கூடாது, செருப்பைக் கரைக்குக் கீழேயே விட வேண்டும். ஊருணி மண்ணில் மனுஷன் கால் படக் கூடாது. எங்கள் பக்கம் எல்லா ஊரிலும் இந்தக் கட்டு உண்டு, நானும் அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன்தான். ஆனால் அந்த ஊரில் அதற்கென்றே ஒரு காவல்காரி இருந்தார். நாற்பது வயது இருக்கும், கையில் கருவேலங்குச்சி.

ஊர் அம்பலம், அதாவது அந்த ஊருக்குத் தலைவர், எங்களைப் பார்த்து ஓடி வந்தார். ஆபீசர் அவரிடம், "ஐயா, பம்பு தண்ணிக்குப் பக்கத்துல போனாத்தான் இழுக்கும். கரையிலருந்து எங்க குழாய் எட்டாது. உள்ள எறக்கணும்" என்றார்.

"தண்ணிய எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. ஆனா ஒரு ஆளு காலும் மண்ணுல படக்கூடாது."

"கால் படாம எப்புடிங்க எறக்குறது?"

"அது எனக்குத் தெரியாதுங்க. எங்க பாட்டன் காலத்துலருந்து பட்டதில்ல."

இதைச் சொல்லும்போது அவருடைய சொந்தக் கூரையின் மூலையில் பொறி விழுந்து புகைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அப்பேர்ப்பட்ட மனுஷரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

காவல்காரி, "பொம்பளைக வரிசையா நின்னு மொண்டு தாரோம்" என்றார். மொண்டு மொண்டு கொடுத்தார்கள்தான். குடம் வந்து சேர்வதற்குள் தீ ஒரு முழம் நகர்ந்தது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. என் மூளை வேகமாக வேலை செய்யும், அதுதான் என் பலம். ஊருணிக்கு மழைத் தண்ணீர் வருகிற வாய்க்கால் ஒரு பக்கம் சரிவாக இறங்கியது, ஒரு வண்டி போகிற அகலம். நான் அம்பலத்திடம், "ஐயா, கால்தானே படக்கூடாது?" என்றேன்.

"ஆமா."

"படாது."

ஜீப்பில் ஏறினேன். தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேரை பம்பு மேலேயே ஏறி உட்காரச் சொன்னேன். பட்டாளத்தார் கம்பை எடுத்துக்கொண்டு, "மாப்ளே, இருடா, நடந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

"நடந்தா கால் படுமே, மாமா" என்றேன். கியரைப் போட்டேன்.

பின்னால் டிரெய்லர் மாட்டிய வண்டியைப் பின்பக்கமாக ஓட்டுவது எல்லாருக்கும் வராது. ஸ்டியரிங்கை இங்கிட்டுத் திருப்பினால் அது அங்கிட்டுப் போகும். அந்த வாய்க்காலில், இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளியில், பம்பு தண்ணீர் விளிம்பைத் தொடும் வரை இறக்கினேன். ஒரு மனுஷன் காலும் மண்ணில் படவில்லை. குழாயைப் போட்டார்கள், பம்பு இழுத்தது, கரை மேல் நின்றவர்கள் கத்திய கத்து இன்றும் என் காதில் இருக்கிறது. அரை மணி நேரத்தில் தீ அடங்கிவிட்டது. எரிந்த மூன்று வீடுகளோடு சரி. அம்பலத்தின் கூரையில் ஒரு மூலை கருகியது, அவ்வளவுதான்.

நான் சீட்டில் உட்கார்ந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தேன். காவல்காரிதான் முதலில் பார்த்தார்.

"ஏப்பா ஜீப்பு! தண்ணியில என்னது மயில் கழுத்தாட்டம் மினுக்குது?"

எட்டிப் பார்த்தேன். மேலே வெடித்துக் காய்ந்திருந்த சேறு கீழே கூழாக இருந்திருக்கிறது. வண்டி அச்சு வரை புதைந்துவிட்டது. கல் வரிசையிலிருந்து எப்போதோ சரிந்து சேற்றுக்குள் மறைந்து கிடந்த ஒரு செம்புறாங்கல், ஆயில் தொட்டியின் அடிப்பக்கத்தைக் கிழித்திருந்தது. என்ஜின் ஆயில் மொத்தமும் ஊருணிக்குள். பட்டாளத்தார் கம்போடு நடந்திருந்தால் அந்தக் கல் அகப்பட்டிருக்கும். அவர் கம்பைக் கீழே வைத்தார். அதுவே போதும்.

நான் வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை, "ஆத்தா, கால் படல."

"சக்கரம் என்ன வானத்துலயா இருக்கு?" என்றார் அவர். குச்சி என் பக்கம் நீண்டது. "தீயி மூணு வீட்டத்தான் தின்னுச்சு. நீ ஊரையே தின்னுட்டியே. இன்னிக்கு ஒலையில எத ஊத்துவேன், ஒன் ஆயிலையா?"

அம்பலம் கோபப்படவில்லை. படியில் உட்கார்ந்து, மெல்ல, "இனிமே ஆளுக்கொரு பக்கமா சொந்தக்காரங்க ஊருக்குக் கெளம்ப வேண்டியதுதான். மழ வந்தாத் திரும்பலாம். திரும்பாதவுக திரும்ப மாட்டாக" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மற்ற இரண்டு ஜீப்பும் சங்கிலி போட்டு என் வண்டியை வெளியே இழுத்தன. அது வெளியே வருவதற்குள் நான் எழுந்து நின்று சொல்லிவிட்டேன்: "யாரும் எங்கயும் போக வேணாம். மழ வர்ற வரைக்கும் இந்த ஊருக்குத் தண்ணி எம் பொறுப்பு."

நகரத்தார் வீட்டு டிரைவர் சட்டையை நீவி விட்டுக்கொண்டே, "எதுல கொண்டாருவீக, கையிலயா?" என்றார்.

மறுநாள் எண்ணெய் டிரம் நான்கைக் கழுவி, ஆற்றுக்கு வடக்கே ஒரு தோட்டக் கிணற்றில் நிரப்பிக்கொண்டு போனேன். வேறு ஜீப், பட்டாளத்தாருடையது. என்னுடையது பட்டறையில் கிடந்தது. காவல்காரி டிரம்மின் வாயில் மூக்கை வைத்தார். "இதுவும் நாறுது" என்று நாலையும் கவிழ்த்துவிட்டார். வைக்கோலைக் கொளுத்திப் போட்டு எரித்தேன், புளியைக் கரைத்து ஊற வைத்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். இரண்டாம் நாளும் கவிழ்த்தார். என் வாழ்க்கையில் என் வேலையை இரண்டு தடவை திருப்பி அனுப்பியது அவர் ஒருவர்தான். அதுவரை அக்கம்பக்கத்து ஊர்களில் கெஞ்சி வாங்கிய தண்ணீரைத்தான் அந்த ஊர் குடித்தது. இரண்டு குடும்பம் வண்டி கட்டிவிட்டது.

மூன்றாம் நாள் சலவைச் சட்டைக்காரர் வந்தார். ஜீப்பில் ஆறு பெரிய பித்தளை அண்டா. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம். அந்தப் பெரிய வீட்டில் கல்யாணத்துக்கென்று பூட்டி வைத்திருந்தவை.

"ஆச்சிகிட்ட என்ன சொன்னீங்க?" என்றேன்.

"உள்ளதச் சொன்னேன். 'அந்த ஆயில் ஊத்துனவனா கேக்குறான்?'னாக. ஆமான்னேன். 'அவன் கையில குடுக்காத, நீயே கொண்டு போ'ன்னு சாவியக் குடுத்தாக."

அண்டாவில் தண்ணீரை நிரப்பி ஏற்றியாயிற்று. மணலில் ஜீப் குதித்த குதியில் பாதித் தண்ணீர் எங்கள் மேல்தான் கொட்டியது. அதற்கும் வழி சொன்னவர் காவல்காரிதான்: "தண்ணி மேல வாழ எலையப் போட்டுக் கொண்டாங்கப்பா. அலையாது. இது தெரியாமயா பதினோரு லாரிக்குப் பாடி கட்டுன?" பதினோரு லாரியைப் பற்றி அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கிறீர்களா? நான்தான் சொல்லியிருப்பேன்.

வாழை இலை போட்டதும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவர் அண்டாவில் மூக்கை வைத்தார், ஒரு கை அள்ளிக் குடித்தார், ஊர்ப்பக்கம் திரும்பிக் குடத்தை எடுத்து வரச் சொல்லிக் குரல் கொடுத்தார். கட்டிய வண்டியிலிருந்து மாட்டை அவிழ்த்தார்கள்.

அன்றிலிருந்து தினம் காலையில் இரண்டு நடை, சாயங்காலம் ஒரு நடை. தப்புச் செய்தவன் நான். ஆனால் முறை போட்டுக்கொண்டு மூன்று பேரும் ஓட்டினோம். "நீ மட்டும் ஓட்டுனா நல்ல பேரு எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிருவ மாப்ளே" என்பார் பட்டாளத்தார். ஊருணியில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடிக்க முடியாது என்றானபின், அதை இறைத்துச் செடி கொடிக்கு விட்டார்கள். வெறும் ஊருணியைப் பார்த்தபோது எனக்கு அடுத்த யோசனை வந்தது. இது என் யோசனை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "காலியாத்தானே கெடக்கு, தூர் வாரிருவோம். பல வருசமா வாரலங்கிறீகளே" என்றேன்.

அம்பலம் யோசித்தார். "எறங்கணுமே?"

"தண்ணி இல்லாதப்ப அது ஊருணியா, வெறுங்குழியா?"

அவர் வெகு நாள் கழித்துச் சிரித்தார். "நீரு வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார். மூன்றாம் வகுப்பு என்று நான் சொல்லவில்லை.

ஊரே இறங்கி வெட்டியது. வண்டலை அள்ளிக் கரையில் கொட்ட, வாய்க்காலில் கயிறு கட்டி இழுத்தது என் ஜீப், புது ஆயில் தொட்டியோடு. அடியில் ஒரு துணி கட்டி விட்டிருந்தேன். கட்டச் சொன்னது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தினம் காலையில் குனிந்து அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்து, விரலை முகர்ந்துவிட்டுத்தான் அந்த அம்மாள் வண்டியை உள்ளே விடுவார். இரண்டு ஆள் ஆழம் போனோம். இடையில் வேறு இரண்டு இடத்தில் தீ. அண்டாவை இறக்கி வைத்துவிட்டு பம்பை மாட்டிக்கொண்டு ஓடினோம், வந்து மறுபடி அண்டாவை ஏற்றினோம்.

ஆவணிக் கடைசியில் மூன்று நாள் இடிமழை. வாய்க்கால் புரண்டு ஊருணி நிரம்பியது. முன்பு நிரம்பியதைப்போல் இரண்டு பங்கு. சேதி கேட்டு மூன்று பேரும் போனோம். செருப்பைக் கரைக்குக் கீழே விட்டோம். காவல்காரி என்னைப் படிக்கட்டுக்கு விடவில்லை. "நீ அங்கிட்டே நில்லு" என்று சொல்லிவிட்டு, தானே கல்லில் இறங்கி மொண்டு வந்து, என் இரண்டு கையையும் குவிக்கச் சொல்லி மேலே இருந்து ஊற்றினார்.

"குடி. ஆயில் வாட அடிக்குதான்னு பாத்துச் சொல்லு."

குடித்தேன். "அடிக்கல, ஆத்தா."

"அடிச்சா ஒன்ன வச்சுத்தான் கழுவுவேன்" என்றார். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில், "ஒரு வீடு கூடக் கலையல, தம்பி" என்றார். அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த வருஷம் அந்தக் கரையில் ஒரு கல் நட்டார்கள். ஊர்ப் பொதுமக்களால் தூர் வாரப்பட்டது என்று அதில் வெட்டியிருக்கிறது. சரிதான், வெட்டியவர்கள் அவர்கள். தீயணைப்பு நிலையத்தில் ஒரு விழாவில் அந்தத் தீயைப் பற்றி வாசித்தபோது, சில ஜீப் உரிமையாளர்களும் உதவினர் என்று ஒரு வரி வந்தது. நான் முன் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். "சில", "உம்", "உதவினர்". கொக்கி செய்தவனுக்கும் அண்டா தூக்கியவர்களுக்கும் நூறு நாளைக்கு மேல் மணலில் ஓட்டியதற்கும் அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கல் விரிசல் விட்டுவிட்டதாம், புதுக் கல் வைக்கப் போகிறார்களாம். பட்டாளத்தாரும் இல்லை, சலவைச் சட்டைக்காரரும் இல்லை. கேட்க நான் ஒருவன்தான் இருக்கிறேன், ஆகையால் கேட்கிறேன். புதுக் கல்லில் எங்கள் மூன்று பேர் பெயரையும் தகப்பன் பெயரோடு முழுசாக வெட்ட வேண்டும். காவல்காரி பெயரையும் ஆச்சி பெயரையும் சேர்க்க வேண்டும். என் பெயருக்கு நேரே, இந்த ஊருணியில் ஆயிலைக் கொட்டியவன் என்றும், மழை வரும்வரை தண்ணீர் கொண்டு வந்தவன் என்றும், தூர் வாரும் யோசனையைச் சொன்னவன் என்றும் மூன்றையும் போட வேண்டும். முதலாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் போட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்றையும் விட்டால் சும்மா இருக்கவும் மாட்டேன்.